குதிரை வண்டியில் வந்த புத்தகங்கள்

எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ நம்ம ஊர் நூலகத்துக்குள் நுழைந்தால் எந்த அலமாரிக்குப் போக வேண்டும்? சிறுவர் பகுதி என்று ஒரு மூலை இருக்கும். முயல், சிங்கம், தெனாலிராமன். அதை அவன் நாலாம் வகுப்பிலேயே தாண்டிவிட்டான். அடுத்தது நேராகப் பெரியவர்களின் நாவல் பகுதி. நடுவில் ஒன்றுமே கிடையாது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை மனுஷனே இல்லை என்பதுபோல அலமாரி அடுக்கப்பட்டிருக்கிறது.

என் வீட்டிலும் இந்த வயதில் ஒருத்தி இருப்பதால் கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறேன். நான் பார்ப்பது மென்பொருள் வேலை. இலக்கியம், நூலகவியல் எதுவும் முறையாகப் படித்ததில்லை. ஆனால் ஒரு பொருள் யாருக்குத் தேவையோ அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், கோளாறு பொருளில் இருக்கிறதா, கொண்டுசேர்க்கும் வழியில் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. 'இந்தக் காலத்துப் பசங்க படிக்கறதே இல்ல' என்ற புலம்பலையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றியது. இதே புலம்பல் அமெரிக்காவில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. அங்கே சிலர் புலம்புவதை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அவர்களைப் பற்றிய குறிப்புதான் இது.

இந்த வயது எப்போது பிறந்தது?

'பதின்வயது' என்பது இயற்கையாகவே இருந்த ஒன்று மாதிரி நாம் பேசுகிறோம். சமூகக் கணக்கில் அது ரொம்பப் புதுசு. 1900இல் அமெரிக்காவில் 14 முதல் 17 வயதுக்குள் இருந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தார்கள். மற்றவர்கள் வயலில், ஆலையில், சுரங்கத்தில். 1930இல் இது பாதியானது. பிறகு பெரும் பொருளாதார மந்தம் வந்தது. பெரியவர்களுக்கே வேலை இல்லாதபோது பதினைந்து வயதுப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்திலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள். 1940 வாக்கில் நாலில் மூன்று பேர் வரை பள்ளியில் இருந்தார்கள்.

ஒரே வயதுக்காரர்கள் லட்சக்கணக்கில் ஒரே கட்டடத்துக்குள் நாளெல்லாம் சேர்ந்து இருந்தால் அவர்களுக்கென்று ஒரு பேச்சு, ஒரு உடை, ஒரு பாட்டு வந்துவிடும். 'டீனேஜர்' என்ற சொல் 1940களில்தான் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. 'செவன்டீன்' பத்திரிகை வந்தது 1944இல். சந்தை இவர்களைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் சந்தைக்கு முன்பே நூலகர்கள் சிலர் இவர்களைக் கவனித்துவிட்டார்கள் என்பதுதான் சுவாரசியமான விஷயம். நியூயார்க் பொது நூலகத்தில் மேபல் வில்லியம்ஸ் என்ற பெண்மணி 1919 முதலே இந்த வயதினருக்காக வேலை செய்திருக்கிறார். 1929 முதல் அந்த நூலகம் இளவயதினருக்கென்றே ஆண்டுதோறும் ஒரு புத்தகப் பட்டியல் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகங்கள். ஏனென்றால் இளவயதினருக்கென்றே எழுதப்பட்ட நாவல் என்று ஒரு வகை அப்போது பெயர் சொல்லும்படி இல்லை. வாசகர் முதலில் வந்தார், அவருக்கான இலக்கியம் ரொம்பப் பின்னால்தான் வந்தது.

பால்டிமோரின் மார்கரெட் எட்வர்ட்ஸ்

இந்தக் கதையின் நாயகி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மார்கரெட் எட்வர்ட்ஸைச் சொல்வேன். 1902இல் டெக்சாஸில் பிறந்தவர். லத்தீன் ஆசிரியையாக இருந்துவிட்டு 1932இல் பால்டிமோர் நகரின் ஈனோக் பிராட் நூலகத்தில் சேர்ந்தார். முப்பது வருஷம் அங்கேயே இருந்து, அந்த நூலகத்தின் இளவயதினர் பகுதியை ஒன்றுமில்லாததிலிருந்து கட்டி எழுப்பி, 1962இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய முறை மூன்று அடுக்கு கொண்டது. முதல் அடுக்கு, நூலகரே படிக்க வேண்டும். இளவயதினர் பிரிவில் வேலைக்குச் சேரும் உதவியாளர்கள் முன்னூறு புத்தகங்களைப் படித்தாக வேண்டும். சும்மா படித்தேன் என்று சொன்னால் போதாது. பத்துப் பத்தாகப் படித்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். இந்தப் புத்தகத்தை எந்தப் பையனிடம் கொடுப்பாய், என்ன சொல்லிக் கொடுப்பாய் என்று கேட்பார். முன்னூறு என்பது சாதாரண எண் இல்லை. வாரத்துக்கு ரெண்டு என்று வைத்தாலும் மூன்று வருஷம் ஆகும்.

இரண்டாவது அடுக்கு, பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பேசுவது. வகுப்பறைக்குள் போய், பத்து நிமிஷம், கால் மணி நேரம் ஒரு கதையைச் சொல்லி, சரியான இடத்தில் நிறுத்திவிடுவது. மிச்சம் வேண்டுமானால் நூலகத்துக்கு வா. தொடர்கதையில் 'தொடரும்' போட்டு நிறுத்தும் நம்ம ஊர் வாரப் பத்திரிகைத் தந்திரம்தான். பத்திரிகைக்காரர்கள் விற்பனைக்காகச் செய்ததை இவர் வாசிப்புக்காகச் செய்தார்.

மூன்றாவது அடுக்குதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்புத் தந்தது. பால்டிமோரில் பழமும் காய்கறியும் விற்கிறவர்கள் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிப் போவது பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட்ஸ் அதேமாதிரி ஒரு குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஏழை மக்கள் வசித்த தெருக்களுக்குப் போனார். நூலகம் என்றாலே படியேறப் பயந்தவர்கள், அட்டை வாங்கத் தெரியாதவர்கள், அபராதம் போட்டுவிடுவார்களோ என்று ஒதுங்கியவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். தக்காளி வருகிற வழியில் புத்தகமும் வந்தால் பயம் இருக்காது இல்லையா?

இந்த அனுபவங்களை வைத்து 1969இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'அழகிய தோட்டமும் விலங்குக் கூட்டமும்' என்று வரும். தோட்டம் எது, விலங்குக் கூட்டம் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பசங்க உள்ளே வந்தால் தோட்டம் பாழாகிவிடும் என்று வாசலில் காவல் நிற்கும் மனசைத்தான் அவர் ஆயுள் முழுக்க எதிர்த்தார்.

அதற்கு முன்பே மன்னார்குடியில்

குதிரை வண்டி என்றதும் எனக்கு உடனே மாட்டு வண்டி ஞாபகம் வந்தது. 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலைச் சேர்ந்த கனகசபை பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றை ஆரம்பித்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த, கணக்கு வாத்தியாராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். அவர் நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அதில் இரண்டு விதிகளின் சாரம்.

இவர்கள் அவர்களைப் பார்த்தோ, அவர்கள் இவர்களைப் பார்த்தோ செய்ததாக நான் சொல்லவில்லை. காவிரிப் படுகையிலும் அமெரிக்கத் துறைமுக நகரம் ஒன்றிலும் ஒரே சிக்கலுக்கு ஏறக்குறைய ஒரே விடையைத் தனித்தனியாகக் கண்டிருக்கிறார்கள். வாசகர் வரவில்லையா, வண்டியைக் கட்டு. அவ்வளவுதான்.

பதினாறு வயதுப் பெண் எழுதிய நாவல்

வண்டி தயார். ஏற்றுவதற்குச் சரக்கு? 1942இல் மொரீன் டேலி என்ற கல்லூரி மாணவி 'செவன்டீன்த் சம்மர்' என்று ஒரு காதல் கதை எழுதினார். பதிப்பாளர் அதைப் பெரியவர்களுக்கான நாவலாகத்தான் வெளியிட்டார். ஆனால் அதைத் தேடிப்பிடித்துப் படித்தவர்கள் பள்ளிப் பெண்கள். 1951இல் வந்த சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலும் பெரியவர்களுக்கு எழுதப்பட்டு இளவயதினர் எடுத்துக்கொண்டதுதான்.

1967இல் நிலைமை மாறியது. ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊர். சூசன் எலோயிஸ் ஹிண்டன் என்ற பள்ளி மாணவி. அவளுடைய பள்ளியில் பணக்காரப் பிள்ளைகள் ஒரு கூட்டம், ஏழைப் பிள்ளைகள் ஒரு கூட்டம். அவளுடைய நண்பன் ஒருவன் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அடிபட்டான். அந்தக் கோபத்தில் எழுத ஆரம்பித்தாள். பதினைந்து வயதில் ஆரம்பித்து, பதினாறு வயதில் பெரும்பகுதியை எழுதினாள். அப்போது அவளுடைய அப்பா நோயில் விழுந்து இறந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் படைப்பெழுத்துப் பாடத்தில் அவளுக்குக் கிடைத்த மதிப்பெண் 'டி'. தேறியும் தேறாத மதிப்பெண்!

அந்த நாவல்தான் 'தி அவுட்சைடர்ஸ்'. வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டபோது அவருக்குப் பதினெட்டு வயது. அட்டையில் எஸ். ஈ. ஹிண்டன் என்று போட்டார்கள். பையன்களின் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதினாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பாளருக்குப் பயம்.

அது என்ன அவ்வளவு புதுசு? அதுவரை இந்த வயதினருக்கென்று வந்த கதைகளில் பெரிய பிரச்சினை என்பது பள்ளி நடன விழாவுக்கு யாரோடு போவது என்பதுதான். இதில் அப்பா அம்மா இல்லாத மூன்று அண்ணன் தம்பிகள். கத்திக்குத்து, மரணம், வர்க்கம். அதே வருஷம் நியூயார்க் டைம்ஸில் ஹிண்டன் ஒரு கட்டுரையும் எழுதினார். எங்களைப் பற்றி எழுதப்படும் கதைகளில் நாங்கள் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சுருக்கம். புத்தகம் எடுத்த எடுப்பில் பறக்கவில்லை. ஆசிரியர்களும் நூலகர்களும் வாங்கி வகுப்பறைக்குள் கொண்டுபோன பிறகுதான் வேர்பிடித்தது.

கம்பி ராக்கையின் மகிமை

ஏறக்குறைய அதே சமயம் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் டேனியல் ஃபேடர் வேறொரு இடத்தில் சோதனை செய்துகொண்டிருந்தார். சட்டத்தோடு மோதிய பையன்களை அடைத்துவைக்கும் மேக்ஸி சீர்திருத்தப் பள்ளி. படிப்பு என்றாலே காறித் துப்புகிற பையன்கள். அங்கே அவர் கனத்த அட்டைபோட்ட நூலகப் புத்தகங்களைக் கொண்டுபோகவில்லை. மருந்துக் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இருக்குமே, சுழலும் கம்பி ராக்கை, அதையும் மலிவு விலைப் பேப்பர்பேக்குகளையும் கொண்டுபோய் வைத்தார். பத்திரிகை விநியோகஸ்தர் ஒருவர் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்.

காரணங்கள் மிக எளிமையானவை. பேப்பர்பேக் பேண்ட் பின்பாக்கெட்டுக்குள் போகும். பாடப் புத்தகம் மாதிரி தெரியாது. ராக்கையில் வைத்தால் முதுகு தெரியாது, முகம் தெரியும், படம் போட்ட அட்டை தெரியும். ஒரு பையன் இரண்டு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம், படித்ததும் கொடுத்துவிட்டு வேறு மாற்றிக்கொள்ளலாம். என்ன படித்தாய், கதைச் சுருக்கம் எழுது என்ற கேள்வி கிடையாது. பையன்கள் புத்தகங்களைக் கிழிந்து நாறாகும் வரை படித்தார்கள். இதை அவர் 1966இல் புத்தகமாக எழுதினார். கணினித் திரைகளை வடிவமைக்கும் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது புல்லரிக்கிற விஷயம். சரக்கு அதேதான். காட்டும் விதத்தை மாற்றினார், பயனர் வந்துவிட்டார்.

ஒரு பள்ளி நூலகத்திலிருந்து போன கடிதம்

1980இல் கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோவுக்குப் பக்கத்தில் லோன் ஸ்டார் என்ற சின்னப் பள்ளி. அங்கிருந்த நூலகர், வாசிப்பில் நாட்டமில்லாத பையன்கள்கூட ஒரு புத்தகத்தை மட்டும் வரிசையில் நின்று வாங்கிப் போவதைக் கவனித்தார். அதுதான் 'தி அவுட்சைடர்ஸ்'. இதைப் படமாக எடுக்க யார் சரியான ஆள் என்று மாணவர்களும் அவரும் பேசி, இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்பொலாவுக்குக் கடிதம் எழுதினார்கள். மாணவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 'காட்ஃபாதர்' எடுத்தவருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் மனு!

அவர் படித்தார், எடுத்தார். 1983இல் படம் வந்தது. டாம் குரூஸ், மாட் டில்லன், பேட்ரிக் ஸ்வேஸி எல்லாம் அதில் சின்னப் பையன்கள். படத்தை அந்த நூலகருக்கும் அந்தப் பள்ளி மாணவர்களுக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார் கொப்பொலா. 1988இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளவயதினர் பிரிவு, இந்த வகை எழுத்துக்காக, பின்னால் மார்கரெட் எட்வர்ட்ஸ் பெயரைப் பெற்ற ஒரு விருதை ஆரம்பித்தது. முதல் விருது ஹிண்டனுக்கு. அந்த வருஷம்தான் எட்வர்ட்ஸ் மறைந்தார்.

'கண்ட புத்தகம்'

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. இளவயதினருக்கு உண்மையான கதைகளைக் கொடுக்க ஆரம்பித்ததும், அதைப் பிடுங்கவும் ஆள் வந்தார்கள். ராபர்ட் கோர்மியரின் 'தி சாக்லேட் வார்' (1974), ஜூடி புளூமின் 'ஃபாரெவர்' (1975) போன்றவை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அடிக்கடி புகாருக்கு உள்ளானவை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி வாரியம் 1976இல் ஒரு பட்டியல் போட்டுப் புத்தகங்களை எடுத்தது. ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவரும் இன்னும் சிலரும் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஐந்துக்கு நான்கு, நூலிழை வித்தியாசம்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு புத்தகம் ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறான 'பிளாக் பாய்'. அதைப் பெற்றோர் சம்மதம் இருந்தால் கொடுக்கலாம் என்று வாரியம் விட்டுவைத்தது. அந்தப் புத்தகத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. மெம்ஃபிஸ் நகர நூலகத்தில் கறுப்பினத்தவர் புத்தகம் எடுக்க முடியாத காலம். இளைஞரான ரைட், தன்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரின் அட்டையைக் கேட்டு வாங்கி, அவருக்காக எடுத்துப் போவதுபோலப் பொய்யாகச் சீட்டு எழுதிக்கொண்டு போய்ப் புத்தகம் எடுத்தார். படிப்பதற்காகப் போலிக் கையெழுத்து! அப்படிப் படித்து எழுத்தாளரானவரின் புத்தகத்தைத்தான் பின்னால் ஒரு பள்ளி வாரியம் பட்டியலில் சேர்த்தது.

இன்று அமெரிக்க இளவயதினர் மத்தியில் பெரிதாகப் பேசப்படும் எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ், பதினேழு வயது வரை ஒரு புத்தகத்தைக்கூட முழுசாகப் படித்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். முதன்முதலில் அவர் முழுசாகப் படித்த புத்தகம் எது தெரியுமா? அதே 'பிளாக் பாய்'. யாரோ ஒருவர் அதை அலமாரியை விட்டு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்ம பக்கம்

தமிழில் இந்த வயதினர் படிக்கவே இல்லையா என்றால், நன்றாகப் படித்தார்கள். தமிழ்வாணனின் 'கல்கண்டு', முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பிறகு பெட்டிக்கடையில் க்ளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள். என் தலைமுறை பாதிக்கு மேல் அப்படித்தான் வாசிக்கக் கற்றது. கவனியுங்கள், அங்கேயும் அட்டையின் முகம் தெரிந்தது, விலை மலிவு, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஃபேடர் சோதனையாகச் செய்ததை நம்ம பெட்டிக்கடைக்காரர் வியாபாரமாகவே செய்துகொண்டிருந்தார். அந்தத் தொங்கும் கயிறு இப்போது இல்லை. அதன் இடத்தில் கைப்பேசி வந்துவிட்டது. படிக்கும் ஆசை செத்துவிட்டது என்று சொல்வதைவிட, அந்தக் கயிறு அறுந்துவிட்டது என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு புத்தக அலமாரி உண்டு. கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி செயலாளரிடம். போன கோடை விடுமுறையில் நானும் இரண்டு பேரும் சேர்ந்து அதைத் திறந்து, இருபது புத்தகங்களை மட்டும் எடுத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய செருப்பு ஸ்டாண்டைத் துடைத்து அதில் முகம் தெரிய நிறுத்தினோம். துப்பறியும் கதை, பேய்க் கதை, கிரிக்கெட் வீரர் வரலாறு, இரண்டு சுஜாதா. பதிவேடு கிடையாது. 'கண்டதையும் வெளிய வைக்காதீங்க, பசங்க கெட்டுப்போயிடும்' என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். அவரையே இரண்டு புத்தகம் தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னோம். தந்தார்.

விடுமுறை முடிவதற்குள் ஏழு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. அதைக் கணக்கில் நஷ்டம் என்று எழுதலாமா என்று செயலாளர் கேட்டார். எழுத வேண்டாம் என்றேன். பூட்டிய அலமாரியில் ஆறு வருஷமாக ஒரு புத்தகம்கூடக் காணாமல் போனதில்லை, ஏனென்றால் ஒருவரும் தொட்டதே இல்லை. இந்தக் கோடைக்கு இன்னும் முப்பது புத்தகம் வாங்க முடிவு செய்திருக்கிறோம். தேர்ந்தெடுக்கப்போவது ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கும் ஐந்து பேர். பட்டியல் அவர்களுடையது, பில் மட்டும் எங்களுடையது.